அய்யனாருக்கு மூணு ஹாரன்

அத்தியாயம் – 4

“எனக்குச் செய்வினை வச்சது யாருன்னு தெரிஞ்சாகணும். இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள தெரிஞ்சாகணும்” என்றாள் சொர்ணம்.

சுவர்க் கடிகாரம் பத்தேகால் காட்டியது. அது அஞ்சு நிமிஷம் பிந்தி ஓடுகிற கடிகாரம். ஆக, பத்து இருபது.

“செய்வினைன்னா எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் தனிச் செலவுங்க” என்றார் கவியரசன்.

“அண்ணே, வாய மூடிட்டு ஃபேனைப் போடுங்க” என்றாள் அன்புமொழி.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் நிலையம். ஒரு மேசை, மூணு நாற்காலி, சுவரில் சட்டம் போட்ட ஒரு பி.இ. மெக்கானிக்கல் சான்றிதழ். குடும்பத்திலேயே முதல் பட்டம். அதை வைத்துக்கொண்டு அன்புமொழி பதினோரு கம்பெனி ஏறி இறங்கினாள். “பொண்ணுக்கு எதுக்கும்மா மெக்கானிக்கல்?” என்று பதினோரு பேரும் கேட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் கேட்டபோது அவள் கொடுத்த பதிலில், அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை. அன்றைக்கு முடிவு செய்தாள்: இனி கேள்வி கேட்கிற தொழில்தான், பதில் சொல்கிற தொழில் கிடையாது.

பெயர்தான் அன்புமொழி. மொழி எப்போதும் உண்டு. அன்பு, எதிரில் இருக்கிற ஆளைப் பொறுத்தது.

கவியரசன் அவளைவிடப் பதினஞ்சு வயது மூத்தவர். மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, முதலாளியின் மச்சானிடம் “டிக்கெட் எடுக்காட்டி டயர்ல காத்தாவது அடிச்சுக் குடுங்க” என்று சொன்னதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். இப்போது அவளுக்கு உதவியாளர். மாவட்டத்தில் அவருக்குத் தெரியாத ஸ்டாப்பிங் கிடையாது.

“முதல்லேருந்து சொல்லுங்கக்கா” என்றாள் அன்புமொழி.

சொர்ணம் குன்றாண்டார்கோவில்காரி. முப்பத்தெட்டு வயசு. புருஷன் சிங்கப்பூர் போனவன் போனவன்தான். அவன் விட்டுப்போன வெள்ளை டீசல் காரை இவள் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஏழு வருஷமாக அதில்தான் சோறு. வாரத்தில் மூணு நாள் டயாலிசிஸ் நோயாளிகளைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவாள். மற்ற நாள் ஆவூர் டீச்சர்கள்.

“போன மாசம் இன்ஜின் சீஸ் ஆயி, இறுகி நின்னுருச்சு. கீரனூர் அய்யப்பன் ஷெட்டுலதான் வேற இன்ஜின் எறக்குனோம். கறம்பக்குடி புரோக்கர் ஒருத்தரு திருச்சியிலருந்து கொண்டாந்து குடுத்தாரு. ரெண்டு வாரம் ஜம்முனு ஓடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழம வண்டியக் கழுவி, பொட்டு வச்சு, சூடம் காட்டுனோம். திங்கக்கிழமையிலேருந்து புடிச்சுச்சு.”

“என்ன புடிச்சுச்சு?”

“சூட்டு முள்ளு. டெம்பரேச்சர் மீட்டர். அய்யனார் கோயிலத் தாண்டுனா செவப்புக்கு எகிறுது. கொஞ்ச நேரத்துல தானா எறங்கிருது. முக்கத்துல மாரியம்மன் கோயில், அங்கயும் எகிறுது. ஆவூர் சர்ச்சு வாசல்ல போனாலும் எகிறுது.”

“எல்லாச் சாமியும் ஒத்துமையா இருக்கே” என்றார் கவியரசன். “மனுஷங்கதான் இன்னும் கத்துக்கல.”

சொர்ணம் சிரிக்கவில்லை. “செத்தவன் வண்டியோட இன்ஜின், அதான் சாமிக்கு ஆகலங்கிறாங்க. டயாலிசிஸ் பேஷண்ட்டு ரெண்டு பேரு வேற வண்டிக்குப் போயிட்டாங்க. இருளாயி அத்தை ஒருத்திதான் மிச்சம். ‘சாகப்போறவளுக்குப் பேய் என்னடி செய்யும், நீ ஓட்டு’ங்குது. இன்னிக்கு நாலு மணிக்கு அதே புரோக்கரு வந்து வண்டிய எடுத்துக்கிறாரு. பாதி வெலைக்குக் கேக்குறாரு. குடுத்துட்டேன்னா மறுபடி நான் அடுத்தவ வயல்ல குனிய வேண்டியதுதான்.”

“செத்தவன் இன்ஜின்னு முதல்ல சொன்னது யாரு?”

“ஊரே சொல்லுது.”

“ஊருக்கு வாய் கிடையாதுக்கா. ஒரு ஆளுக்குத்தான் இருக்கும். முதல் வாய் யாரோடது?”

சொர்ணம் யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

“சரி. வண்டி எங்க?”

“கீழ நிக்குது.”

“எந்திரிங்க. செய்வினை வச்சவரை அப்புறம் பாப்போம். முதல்ல செய்வினையைப் பாப்போம்.”

*

சொர்ணம் ஓட்டினாள். முன் சீட்டில் அன்புமொழி. பின்னால் கவியரசன், கையில் ஒரு பழைய டிரிப் ஷீட், காதில் பேனா.

முள் நடுவில் சமர்த்தாக நின்றது. வண்டி ஆஸ்பத்திரியைத் தாண்டியது. ஆஸ்பத்திரி மதில் ஓரமாக ஒரு பிள்ளையார் கோயில். சொர்ணம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முள் அசையவில்லை.

“பிள்ளையார் கோச்சுக்க மாட்டாரா?” என்று கேட்டாள் அன்புமொழி.

“இவரு இதுவரைக்கும் ஒண்ணும் செஞ்சதில்ல.”

“பாவம், அவருக்கு அந்த வயித்த வச்சுக்கிட்டு எந்திரிச்சு வர்றதுக்குள்ள நம்ம வண்டி போயிரும்” என்றார் கவியரசன். டிரிப் ஷீட்டில் ‘பிள்ளையார் – கோபம் இல்லை’ என்று எழுதினார்.

அன்புமொழி முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சொர்ணத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் கையை, காலை, கண்ணை.

கீரனூர் ரோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்தது. ஒரு ‘பீப்’. மாடு நகர்ந்தது. முள் நகரவில்லை. முக்கத்தில் மாரியம்மன் கோயில் வந்தது. சொர்ணம் ஸ்டியரிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். நீளமாக ஒன்று. நீளமாக இரண்டு. நீளமாக மூன்று.

மூன்றாவதில் முள் சிவப்பில் போய் நின்றது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” சொர்ணம் மீட்டரைத் தட்டிக் காட்டினாள்.

“நிறுத்துங்கக்கா.”

வண்டி நின்றது. அன்புமொழி இறங்கி பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயில் துணியைச் சுற்றிக் கையை வைத்தாள். வழக்கமான சூடு. கொதியும் இல்லை, ஆவியும் இல்லை. அதற்குள் உள்ளே முள் நடுவுக்கு இறங்கிவிட்டதாகக் கவியரசன் கத்தினார்.

“அக்கா, உள்ள அஞ்சு லிட்டர் தண்ணி இருக்கு. அது ஒரு நிமிஷத்துல கொதிச்சு, மறு நிமிஷத்துல ஆறுமா? அப்படி ஒரு அடுப்பு இருந்தா சொல்லுங்க, எங்க வீட்டுக்கு ஒண்ணு வேணும். இன்ஜின் சூடாகவே இல்ல. முள்ளு பொய் சொல்லுது. ஏறுங்க.”

இரண்டு கிலோமீட்டர் போனதும் ஒரு பொட்டல். இந்தப் பக்கம் கருவேலம், அந்தப் பக்கம் கருவேலம். கல்லு நட்டுக் கும்பிடக்கூட ஆளில்லாத இடம்.

“இங்க நிறுத்தி ஹாரன் அடிங்க. நீளமா மூணு.”

“இங்கிட்டு சாமி எதுவும் இல்லையேம்மா?”

“அதான் அடிக்கச் சொல்றேன்.”

அடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. முள் சிவப்பு.

கவியரசன் ஜன்னலை இறக்கி வெளியே எட்டிப் பார்த்தார்.

“இந்தக் கருவேலத்துக்குள்ள எந்தச் சாமி குடியிருக்குன்னு தெரியலையே” என்றார் கவியரசன் மெதுவாக.

“சாமி கோயில்ல இருக்கு. கோளாறு ஹாரன்ல இருக்கு. மாட்டுக்கும் மனுசனுக்கும் அக்கா சும்மா ஒரு ‘பீப்’. சாமிக்கு மட்டும் மரியாதையா, நீளமா மூணு. பிள்ளையாருக்கு ஏன் அடிக்கலக்கா?”

“ஆஸ்பத்திரியில்ல! ஹாரன் அடிக்காதேன்னு போர்டு வச்சிருக்கே.” சொல்லும்போதே சொர்ணத்தின் வாய் திறந்தபடி நின்றது.

“பிள்ளையாரைக் காப்பாத்தினது போர்டு. ஹெட்லைட்டைப் போடுங்க, வைப்பரையும் போடுங்க.”

முள் மேலே ஏறியது. அணைத்ததும் இறங்கியது.

“ராத்திரியில ஓட்டுனா எப்பவோ தெரிஞ்சிருக்கும்.”

“பொழுது சாஞ்சா நான் வண்டி எடுக்கிறதில்ல. மழையும் பேயல, வைப்பரு போட...” சொர்ணம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள். “ரெண்டு வாரமா அய்யனாருக்குத் தெனமும் தேங்கா ஒடச்சேனே!”

“வீண்போகாதுக்கா, அவரு கணக்குல வரவு வச்சுக்குவாரு” என்றார் கவியரசன். “மேடம், செய்வினை கேஸ் முடிஞ்சுதா? பஜ்ஜி சாப்பிடப் போலாமா?”

“இப்பத்தான் ஆரம்பிக்குது” என்றாள் அன்புமொழி. “அக்கா, கீரனூருக்கு விடுங்க. அய்யப்பன் ஷெட்டு.”

*

அய்யப்பனுக்கு வேலை சுத்தம், கோபம் அதிகம். கேள்வி கேட்கும் முன்பே பதில் சொல்கிற ரகம்.

“சென்சாரு தப்புன்னு சொல்ல வந்தீங்களா? பழைய இன்ஜின்ல இருந்த சென்சாரையே கழட்டி இதுல மாட்டியிருக்கேன். மீட்டருக்கும் சென்சாருக்கும் ஜோடிப் பொருத்தம் வேணும். ஜோடி மாறினா பச்சத் தண்ணியையும் கொதிக்குதுன்னு காட்டும். அது தெரியாமயா இருபது வருஷமா ஸ்பேனர் புடிக்கிறேன்?”

“சென்சாரைப் பத்தி நான் பேசவே இல்லண்ணே. எர்த் பட்டை எங்க?”

அய்யப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம். பதினோரு கம்பெனியில் பார்த்தது.

“எர்த் பட்டையெல்லாம் பாப்பாவுக்கு என்னத்துக்கு?”

“பாப்பா மெக்கானிக்கல் படிச்சிருக்கு” என்றார் கவியரசன். “சீக்கிரம் பதில் சொல்லிருங்கண்ணே. பாப்பா கடிக்கும்.”

அன்புமொழி சொர்ணத்தின் பக்கம் திரும்பி விளக்கினாள். “கரண்ட்டு போனா திரும்பி வரணும்க்கா. ஹாரன், லைட்டு எல்லாம் பாடியில இருக்கு. அதுல போன கரண்ட்டு இன்ஜின் பக்கம் திரும்பி வர ஒரு பட்டை போட்டிருப்பாங்க. அது பொதுவழி. பொதுவழிய அடைச்சா ஆளுங்க என்ன செய்வாங்க? அடுத்தவன் வரப்புல நடப்பாங்க. அங்க சண்டை வரும். ஹாரன் அழுத்தினா நெறைய கரண்ட்டு; வழி இல்லாம ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியா நசுங்கி வருது. அந்தச் சண்டையில மீட்டரு கொழம்பி, சூடுன்னு கத்துது.”

அய்யப்பன் விடுவிடுவென்று போய்ப் பானெட்டைத் தூக்கி, பேட்டரிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கையை விட்டார். வெறுங்கையாக வெளியே எடுத்தார். முகம் கறுத்தது.

“இல்ல.”

“மறந்துட்டீங்களா?”

“மறக்கிறதா? டார்ச்ச அடிச்சுப் பாருங்க.”

அவள் குனிந்து பார்த்தாள். இடுக்கில் ஒரு போல்ட்டு. அதன் தலையில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு.

“நான் முறுக்கின போல்ட்டுக்கெல்லாம் பெயின்ட்டுல ஒரு கோடு இழுப்பேன். போல்ட்டுலயும் தகரத்துலயும் சேர்ந்தாப்புல ஒரே கோடு. எம்மக சைக்கிளுக்கு அடிச்சது போக மிச்சமிருந்த ரோஸ். போல்ட்டு ஆடுனா கோடு ஒடஞ்சிரும். அதான் என் கையெழுத்து.”

அன்புமொழி டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். போல்ட்டில் இருந்த கோடு பத்து மணியைக் காட்டியது. தகரத்தில் இருந்த கோடு மூணு மணியைக் காட்டியது.

“கையெழுத்து ஒடஞ்சிருக்கு” என்றாள். “நீங்க பட்டையை மாட்டி, முறுக்கி, கோடு போட்டுட்டீங்க. அப்புறமா வேற யாரோ கழட்டிப் பட்டைய உருவிட்டு, வெறும் போல்ட்டை மட்டும் திருப்பி முறுக்கியிருக்காங்க. அக்கா, நீங்க சொன்னது சரிதான். இது செய்வினையேதான். பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரால வச்ச செய்வினை.”

சொர்ணம் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“பட்டை இல்லாட்டி முள்ளு எகிறும்னு யாருக்குத் தெரியும்ணே? சாதாரண ஆளுக்குத் தெரியாதே.”

அய்யப்பன் தலையைச் சொறிந்தார். “அன்னிக்கு இன்ஜினை எறக்கி, அவசரத்துல பட்டைய மாட்டாமலே ஒருதடவ ஸ்டார்ட் பண்ணிட்டேன். ஹாரன் அடிச்சேன், முள்ளு எகிறுச்சு. ‘பட்டைய மாட்டலன்னா இப்பிடித்தான் கூத்தடிக்கும்’னு சொல்லிச் சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க.”

“எல்லாரும்னா?”

“சொர்ணக்கா டீ வாங்கப் போயிருந்துச்சு. இன்ஜின் கொண்டாந்த புரோக்கரு அரவிந்த்குமாரு நின்னாரு. அக்கா தம்பி வசந்த்து நின்னாப்ல. ஆவூர் டீச்சர் ஒருத்தங்க, ஆரோக்கியம்மாள்னு பேரு, அவங்களும் நின்னாங்க.”

கவியரசன் தொடையைத் தட்டினார். “புரோக்கர்! பேய் இன்ஜின்னு கிளப்பிவிட்டு வண்டியைப் பாதி வெலைக்கு அமுக்கப் பாக்குறான். மேடம், ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி பந்தயம்.”

“நான் யார் மேலயும் கட்டல.”

“தம்பியா இருக்காதும்மா” என்று சொர்ணம் அவசரமாகச் சொன்னாள். “இதே வண்டியிலதான் அவன ஐ.டி.ஐ.க்குத் தெனமும் கொண்டுபோய் விட்டேன். எனக்கு ஒண்ணுன்னா அவன்தான் மொதல்ல துடிப்பான். ‘உசுரு முக்கியம்க்கா, இந்த வண்டிய வித்துரு’ன்னு அழுதான்.”

“நான் யாரையும் சொல்லலையேக்கா” என்றாள் அன்புமொழி. “அய்யப்பண்ணே, புதுப் பட்டை ஒண்ணு மாட்டுங்க. ரோஸ் பெயின்ட்டு இருக்கா?”

“இருக்கு.”

“கோடு வேணாம். போல்ட்டு, பட்டை எல்லாத்துலயும் அப்பிருங்க. எவ்வளவு நேரம் ஈரமா இருக்கும்?”

“அப்புனா சாயங்காலம் வரைக்கும் ஒட்டும். எதுக்கு?”

“ஒரு ஆளுகிட்ட கையெழுத்து வாங்கணும்.”

*

நாலு மணிக்குக் குன்றாண்டார்கோவிலில் சொர்ணம் வீட்டு வாசலில் பைக் வந்து நின்றது. அரவிந்த்குமார் இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் ரெண்டு போன். வசந்த் வீட்டுக்குள் இருந்து வந்தான். இருபத்தாறு வயசு, சோலார் பேனல் மாட்டுகிற வேலை, நெற்றியில் விபூதி, முகத்தில் அக்காவுக்காகக் கவலை.

“இவங்க யாருக்கா?”

“ஆவூர் டீச்சரு. நம்ம வண்டியில வர்றவங்க” என்றாள் சொர்ணம், சொல்லிக்கொடுத்தபடி.

“நான் டீச்சரோட பெரியப்பா மகன்” என்றார் கவியரசன், யாரும் கேட்காமலே.

“சாவிய இங்க குடுக்க வேணாம்க்கா” என்றான் வசந்த். “அய்யனார் முன்னாடி வச்சுக் குடுத்துரு. அவரு வாசல்ல முள்ளு எகிறுறத அண்ணனும் ஒருதடவ கண்ணால பாத்துக்கட்டும். பின்னால பேச்சு வரக்கூடாதுல்ல.”

அரவிந்த்குமார் ஓட்டினார். பக்கத்தில் வசந்த். பின்னால் மூணு பேரும் நெருக்கிக்கொண்டு. கண்மாய்க் கரையில் மண் குதிரைகளுக்கு நடுவில் அய்யனார் உட்கார்ந்திருந்தார். எதையும் எதிர்பார்க்காத முகம்.

வண்டி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அரவிந்த்குமார் பக்தியாக மூணு ஹாரன் அடித்தார்.

முள் நடுவில் நின்றது.

“ஒண்ணும் ஏறலையேப்பா?”

“நீளமா அடிங்கண்ணே.”

நீளமாக மூன்று. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கின. முள் தலையைத் தூக்கவில்லை.

கவியரசன் கண்கள் அரவிந்த்குமாரின் முதுகிலேயே இருந்தன. பஜ்ஜியின் வாசனை அவருக்கு இப்போதே வந்துவிட்டது. ஆனால் அரவிந்த்குமார் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொன்னார்: “வண்டி நல்லாத்தான இருக்கு! நல்ல வண்டின்னா வெலைய மறுபடி பேசணுமேப்பா. நான் பேய் வண்டி வெலையில்ல சொன்னேன்!”

“இருங்க, இருங்க.” வசந்த் குறுக்கே சாய்ந்து அவனே ஹாரனை அழுத்தினான். விடவில்லை. அது ஊளையிட்டது. கண்மாயில் குளித்துக்கொண்டிருந்த ஒரு ஆள் சோப்பு முகத்தோடு எழுந்து, “எந்த நாயிடா அது, செத்தா போயிட்டாரு அய்யனாரு?” என்று கத்தினார். ஆடுகள் சிதறின. சாமி வாசலில் இருந்துகொண்டு, சாமியை ஒரு தடவைகூட ஏறெடுத்துப் பார்க்காமல், வசந்த் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏறணுமே...” என்றான். “ஏறணுமே!”

கதவைத் திறந்து குதித்தான். பானெட்டைத் தூக்கினான். பின் சீட்டுக்காரர்கள் மூணு பேரும் இறங்கி வந்து நிற்பதற்குள் அவன் கை உள்ளே போய்விட்டது. போன வேகத்தில் நின்றது. மெதுவாக வெளியே வந்தது.

நாலு விரலும் ரோஸ்.

“கல்யாண மாப்பிள்ளைக்கு நலுங்கு வச்சாச்சு” என்றார் கவியரசன். குரலில் மட்டும் வழக்கமான குஷி இல்லை. பஜ்ஜி போன துக்கம் பாதி. மீதிப் பாதி, பக்கத்தில் நின்ற சொர்ணத்தின் முகம்.

“சூடுன்னா எல்லாரும் ரேடியேட்டரைப் பாப்பாங்க” என்றாள் அன்புமொழி. “ஃபேனைப் பாப்பாங்க. தண்ணி இருக்கான்னு பாப்பாங்க. நீ நேரா பேட்டரிக்குப் பின்னாடி, கண்ணே போகாத இடுக்குல கைய விட்ட. டார்ச்சுகூடக் கேக்கல. கழட்டின எடம் கைக்குத் தெரியும்ல?”

“இல்ல டீச்சர், நான் சும்மா...”

“நான் டீச்சர் இல்ல.”

“நான் பெரியப்பா மகனும் இல்ல” என்றார் கவியரசன்.

அரவிந்த்குமார் ரெண்டு கையையும் தூக்கினார். “அம்மா, நான் அடிமாட்டு வெலைக்குக் கேட்டேன், வாஸ்தவம். அது என் தொழிலு. நட்டு கழட்டுறது என் தொழில் கிடையாது. வண்டிய வித்துக் குடுங்கன்னு என்னையக் கூப்பிட்டதே இந்தத் தம்பிதான்.”

சொர்ணம் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: “ஞாயித்துக்கிழம வண்டியக் கழுவுனது நீதான். ‘செத்தவன் இன்ஜினோ என்னமோக்கா’ன்னு வீட்டுல மொதல்ல சொன்னதும் நீதான். இப்பத்தான் ஞாபகம் வருது.”

“அக்கா, ஒன் நல்லதுக்குத்தான்...”

“வாய மூடு” என்றாள் அன்புமொழி. நல்லது என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு உச்சந்தலையில் முள் எகிறும். அதற்கு எந்தப் பட்டையும் கிடையாது. “நல்லதா இருந்தா வாயால சொல்லியிருக்கலாமே! அதுக்குத் தைரியம் இல்ல. ஸ்பேனரால சொல்லியிருக்க. அய்யனாரை வேற பொய்ச் சாட்சிக்கு இழுத்திருக்க. ஐ.டி.ஐ.க்கு ஒன்னையத் தெனமும் கொண்டுபோய் விட்டது எந்த வண்டி?”

வசந்த் ரோஸ் விரல்களை வேட்டியில் துடைத்தான். வேட்டியும் ரோஸ் ஆனது.

“எனக்குப் பாத்திருக்கிற ரம்யா வீட்டுல,” என்றான் தரையைப் பார்த்து, “அவங்கப்பா கேட்டாரு. ‘ஒங்க அக்கா இன்னும் வண்டிதான் ஓட்டுதா, நாலு ஆம்பளைங்க நிக்கிற ஸ்டாண்டுல’ன்னு. கேட்ட விதம் ஒரு மாதிரி இருந்துச்சு.”

“ஓட்டக்கூடாதுன்னு சொன்னாரா?”

“சொல்லல.”

“ரம்யா சொல்லுச்சா?”

“அதுகிட்ட நான் கேக்கல.”

“ஒருத்தரும் சொல்லாததுக்கு, இவனே கேள்வியும் கேட்டு, பதிலும் எழுதி, மார்க்கும் போட்டிருக்கான்” என்றார் கவியரசன்.

சொர்ணம் அவன் பக்கம் போனாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் அவன் சட்டைப்பையில் கையை விட்டு, காலையில் அவனிடம் கொடுத்திருந்த ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழம ரம்யாவுக்குப் பூ வைக்கப் போறோம்ல? நான்தான் வண்டி ஓட்டிட்டு வருவேன். அவங்க வீட்டு வாசல்ல நிறுத்தி, நீளமா மூணு ஹாரன் அடிப்பேன். பொண்ணு வந்து எட்டிப் பாக்கட்டும், இந்த வண்டி புடிச்சிருக்கா, புடிக்கலையான்னு அதுவே சொல்லட்டும். அதுவரைக்கும் நீ பஸ்ஸுல போ.”

“அக்கா, இங்கிட்டு பஸ்ஸு ஆறரைக்குத்தான்...”

“அஞ்சே முக்காலுக்கு ஒரு மினி பஸ் உண்டு தம்பி” என்றார் முன்னாள் கண்டக்டர். “டிக்கெட் கண்டிப்பா எடுத்துரு.”

அரவிந்த்குமார் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து அவளிடமே நீட்டினார். “அக்கா, நல்ல வெலைக்குக் கேட்டா...”

“விக்கல.”

“சும்மா கேட்டேன்” என்றார் அவர். தன் பைக் வீட்டு வாசலில் நிற்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “அங்கிட்டு வரைக்குமாவது ஏறிக்கலாமாக்கா?” அவள் பின் சீட்டைக் காட்டினாள். கவியரசன் நகர்ந்து இடம் விட்டார்.

சொர்ணம் பானெட்டை இறக்கிச் சாத்திவிட்டு, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். சீட்டைத் தன் கால் எட்டுகிற அளவுக்கு முன்னால் இழுத்துக்கொண்டாள். முந்தானையால் கண்ணை ஒரே இழுப்பாகத் துடைத்தாள்.

“நாளைக்குக் காலையில ஏழரைக்கு இருளாயி அத்தைக்கு டயாலிசிஸ்” என்றாள், பக்கத்தில் உட்கார்ந்த அன்புமொழியிடம். “போன ரெண்டு பேருக்கும் நானே போன் போட்டுச் சொல்றேன். பேய் எறங்கிருச்சுன்னு.”

“எறங்கி பஸ்ஸுக்கு நிக்குதுன்னு சொல்லுங்க” என்றாள் அன்புமொழி.

சொர்ணம் வண்டியை ஸ்டார்ட் செய்து, உள்ளங்கையை ஸ்டியரிங் நடுவில் வைத்தாள். நீளமாக ஒன்று, நீளமாக இரண்டு, நீளமாக மூன்று. அய்யனார் வாங்கிக்கொண்டார். முள் நடுவிலேயே நின்றது.

பிறகு நாலாவதாக ஒன்று. குட்டியாக ஒரு ‘பீப்’.

அது அய்யனாருக்கு இல்லை. வண்டிக்கு முன்னால், வழியை மறித்துக்கொண்டு நின்ற தம்பிக்கு.

அவன் நகர்ந்தான்.